மாந்தளிர் என்கிற நிறம்

சின்னச் சூளையின் கதவில் கை வைத்துப் பார்த்தேன், சுடுகிறது. எடுத்துவிட்டேன். திரும்பவும் வைத்தேன். இப்போதுதானே வைத்தாய், அதற்குள் என்ன ஆறிவிடப்போகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு மீட்டரைப் பார்த்தால் முந்நூற்றுப் பத்தில் முள் நிற்கிறது, நிற்கிறதா நகர்கிறதா, கண்ணாடியில் படிந்த மண்தூசியைச் சட்டை நுனியால் துடைத்தேன், முந்நூற்றுப் பத்துதான். வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க வேண்டிய நேரம் இது. ராத்திரி ஷிப்டு முடிந்து, பெரிய சூளையை மன்சூரிடம் ஒப்படைத்து, கைகால் கழுவி, சைக்கிளில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மண் மூட்டைகளுக்கும் சின்னச் சூளைக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, மீட்டர் பக்கம் சாயும்போதெல்லாம் டொக் என்று ஒரு சத்தம், உள்ளே ஏதோ விரிசல் விட்டதோ என்று ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டுகிறேன். உள்ளே இருப்பது ஒரே ஒரு தட்டு. என் கை அகலம். அதன்மேல் நான் பூசியது என்ன நிறமாக வந்திருக்கிறது, பச்சையா, செம்பா, இல்லை இரண்டிலும் சேராத ஏதோ ஒரு சேற்று நிறமா, இதைத் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகவேண்டும். என் பெண்டாட்டி தையல்நாயகி அதற்குமுன் வந்துவிடுவாள். பண்ருட்டியில் பஸ் ஏறிவிட்டாள் என்று மச்சான் கலியமூர்த்தி விடிந்ததுமே போன் பண்ணிச் சொல்லிவிட்டான். வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, போய்விடுவாள்.

பெட்டி என்றால் கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த டிரங்குப் பெட்டி, மூடியில் ரோஜாப்பூ வரைந்தது, பூவில் பாதி உரிந்துவிட்டது. அதற்குள்தான் அவள் கூரைச் சேலை இருக்கிறது. பெட்டிச் சாவி அவளிடம். வீட்டுச் சாவி என்னிடம், அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறேன். வழக்கமாகப் பக்கத்து வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வருகிறவன், அவள் இன்றைக்கு வரக்கூடும் என்று காதில் விழுந்திருந்ததால், நேற்று வைக்கவில்லை, மறந்துவிட்டேன் என்றுதான் கேட்டால் சொல்லப்போகிறேன், கேட்கமாட்டாள், முகத்தைப் பார்த்தாலே அவளுக்குப் புரிந்துவிடும். சாவிக்காக அவள் இந்தக் கொட்டகைக்கு வந்தாகவேண்டும். முந்திரி லோடு இறக்க விருத்தாசலம் வந்திருக்கிற குட்டி யானை வண்டி திரும்பிப்போகும்போது பெட்டியை ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடு. கலியமூர்த்தி நல்ல பையன். போன மாதம் வரைக்கும், கொஞ்சம் ஆறட்டும் மாமா, நானே கொண்டாந்து விடறன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். இன்றைக்கு, அக்கா கிளம்பிடுச்சு மாமா, பொட்டிய எடுத்துக்கும் என்றான், வண்டி வாடகை பேசுகிறவன் குரலில். மாற்றுச் சேலைக்கு வருகிறவள் பையோடு வருவாள். பெட்டிக்கு வருகிறாள் என்றால் அதற்கு வேறு அர்த்தம். ஓசூரில் இருக்கிற பையன் எங்கள் இரண்டு பேரோடும் போனில் பேசுகிறான், இரண்டு பேரிடமும் சாப்டீங்களா என்று மட்டும் கேட்கிறான், அதற்குமேல் கேட்டால் ஏதாவது பக்கம் சாயவேண்டியிருக்கும் என்று பயம் அவனுக்கு. கை தானாகக் கதவுக்குப் போகிறது. சுடுகிறது. முந்நூற்று எட்டு.

நிறத்தை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது. சுவரில் சாமி படம் எழுதுகிறவன் நீலத்தைத் தொட்டால் நீலம் வரும். கிளேஸில், சுட்டால் கண்ணாடியாகிற மேற்பூச்சில், எழுதுகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டப்பாவில் இருப்பதெல்லாம் கரியும் காவியும் சாம்பலும்தான். தாமிரப் பொடி கறுப்பு, கோபால்ட்டும் கறுப்பு, மாங்கனீசும் கறுப்பு, தோசைமாவு மாதிரி இருக்கிற கிளேஸில் கலந்தால் மூன்றும் ஒரே சாக்கடை. அந்தச் சாக்கடையைத் தூரிகையில் எடுத்துக்கொண்டு, இது இங்கே நீலம், இது இங்கே பச்சை என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பூச வேண்டும். ஒரு நூல் கனமாகப் போனால் வழிந்து பலகையோடு ஒட்டிக்கொள்ளும், சுத்தியால் தட்டித்தான் எடுக்கணும். மெலிசாகப் போனால் மண் பல்லை இளிக்கும். எல்லாம் சரியாகப் பூசியும் சூளை தன் இஷ்டத்துக்கு ஒன்றைக் கொடுக்கும், போன தடவை கொடுத்ததை இந்தத் தடவை கொடுக்காது, கெஞ்சினாலும் கொடுக்காது. எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. இந்தப் பட்டறையில் செய்வது பீஸ் கட்டை, கரண்டு போனால் வீட்டில் பிடுங்கிப் பார்ப்போமே அந்த வெள்ளைக் கட்டை, வெள்ளையைத் தவிர வேறு நிறத்துக்கு இங்கே வேலையே கிடையாது. பெரிய சூளையின் பர்னரை ஒருதரம் பார்த்துவிட்டு வந்தால் மறுதரம் பார்ப்பதற்குள் நிறைய ராத்திரி மிச்சமிருக்கும். உடைந்த கட்டைகளின்மேல் பூசிப்பூசி, யாரும் தொடாமல் கிடந்த இந்தச் சின்னச் சூளையில் வைத்துச் சுட்டுச் சுட்டுப் பார்த்துத்தான் வந்தது. முதலாளி, இது தெரியுமா கொளஞ்சி என்று கேட்பார், தெரியும் சார் என்பேன். தெரியாது. அதன்பிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தெரிந்துகொள்வேன். படித்தவன் தெரியாது என்று சொன்னால் கற்றுக்கொடுப்பார்கள், என்னைப் போன்றவன் சொன்னால் வேறு ஆளைப் போடுவார்கள். அப்படித்தான் அந்தச் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. நாளைக்கு அமாவாசையா என்று தையல் கேட்பாள், காலண்டர் பக்கமே திரும்பாமல், தெரியும், நாளன்னிக்கு என்பேன். நாளைக்குத்தான் இருக்கும். அவள் மறுநாள் வாசலைக் கழுவிக் கோலம் போடாமல் விடுவாள், நான் சோற்றுக்கு உட்காரும்போது இலையில் காக்காய்க்கு வைத்தது போக மிச்சம் இருக்கும்.

இப்படித்தான் தை மாசத்தில் ஒருநாள் காலையில் நல்ல பச்சை ஒன்று வந்தது. ஆழமான பச்சை, குனிந்து பார்த்தால் கிணற்றுக்குள் பார்ப்பதுபோல. ஓரத்தில் கடுகு நிறத்தில் கோபுரக் கரை எழுதியிருந்தேன், அதுவும் அசையாமல் நின்றிருந்தது. சூடு தாங்காமல் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன் வீட்டுக்கு. தையல், இங்க பாரு, உன் கூரைச் சேல. அவள் அடுப்படியிலிருந்து வந்து ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். என் கூரைச் சேலை பச்சையா என்றாள். மாந்தளிர்தானே, எனக்குத் தெரியும் என்றேன். மாந்தளிர்தான், மாந்தளிர் பச்சையா என்றாள். மாவிலை எனக்குத் தெரியாதா என்றேன். மாவெல வேற தளிர் வேற, தளிரு செகப்பா இருக்கும், செம்பு கணக்கா இருக்கும், என்னிக்காவது நின்னு பாத்திருக்கீங்களா என்றாள். எனக்குத் தெரியும் என்று மறுபடி சொன்னேன், சத்தமாகச் சொன்னேன். அவ்வளவுதான். ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. அந்தத் தட்டை எடுத்துப் பால் சட்டிக்கு மூடியாகப் போட்டாள், ரொம்பப் பொருத்தமாக உட்கார்ந்தது, அதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல். தம்பி வீட்டு முந்திரித் தோப்பில் வேலைக்கு ஆள் இல்லை என்று அந்த வாரமே பண்ருட்டிக்குப் போனாள். முந்திரி முடிந்தது. பலா வந்தது. அவள் வரவில்லை. நிறத்துக்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா, போகமாட்டாள், ஆனால் போனில் ஒருதரம் சொன்னாள், இத்தினி வருசத்துல தெரியலன்னு ஒரு வார்த்த உங்க வாயில வந்திருக்குதா, செவுத்துக்கிட்ட குடுத்தனம் பண்ணமாதிரி இருக்குது. அதற்கு நான் என்ன சொன்னேன். அது எனக்குத் தெரியும் என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவள் பக்கத்தில் ஒரு சேவல் கூவிற்று, பகலில்.

அந்தச் சேலையை நான் எப்போது பார்த்தேன். இதுதான் ஐந்து மாதமாகக் குடைகிறது. கொளஞ்சியப்பர் கோயிலில் கல்யாணம், முகூர்த்தம் விடியலுக்கு முன்னால், மண்டபத்தில் டியூப்லைட்டு, போட்டோக்காரன் ஒரு குடையை விரித்து அதில் வெளிச்சம் பாய்ச்சிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தவளைத் திரும்பிப் பார்க்க வெட்கம். ஓமப் புகை கண்ணைக் கரித்தது. அம்மியில் அவள் கால் வைத்தபோது மெட்டி போடக் குனிந்தேன், அப்போது பார்த்தது கரையை, கடுகு மஞ்சளில் வரிசையாகக் கோபுரங்கள், ஒரு கோபுரத்தில் இழை பிரிந்திருந்தது, அதுகூட இருக்கிறது ஞாபகத்தில். சேலையின் உடல் நிறம் மட்டும் ஞாபகத்தில் இல்லை. வெயில் ஏறுவதற்குள் அவளை வேறு சேலை மாற்ற வைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரே ஒருதரம் கட்டினாள், பையனுக்குக் காது குத்தினபோது. நல்ல வெயில் நாள். நான் ராத்திரி ஷிப்டு முடித்து நேரே போனவன், கலியமூர்த்தி மடியில் உட்கார்ந்து பையன் வீறிட்டதைக் கேட்டுக்கொண்டே தூண் ஓரமாகத் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள், சேலை பெட்டிக்குள் போயிருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக ராத்திரி வேலை. நெருப்பு வெளிச்சத்தில் எல்லாம் ஆரஞ்சு, டியூப்லைட்டில் எல்லாம் வெளிறல், பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூக்கம். என் கண்ணுக்கு வெயில் பழக்கமில்லை. தையலின் முகத்தில் இடது புருவத்துக்குமேல் ஒரு மச்சம் உண்டு, அது கறுப்பா பழுப்பா என்று யாராவது கேட்டால் அதற்கும் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன். பெட்டி என் தலைக்கு மேலே அலமாரியில்தான் இருந்தது இந்த ஐந்து மாதமும். கீழே படுத்துக்கொண்டு அதன் அடிப்பக்கத் துருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கல்லை எடுத்து ஒரு தட்டு தட்டினா பூட்டு வாயைப் பொளக்கும், பாத்துட்டு வேற பூட்டு வாங்கிப் போடேன், யாருக்குத் தெரியும் என்று மன்சூர் சொன்னான். செய்திருக்கலாம். கல்லைக்கூட எடுத்தேன் ஒருநாள். பூட்டைத் தொட்டதும் அது குளிர்ந்திருந்தது, கல்லை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. கேண்டீனுக்குப் பின்னால் இருக்கிற மாமரம் தளிர்விட்டது. ஷிப்டு முடிந்து அதன்கீழே போய் நின்றேன், மரத்தின் கீழ் நிற்கிறவனைக் காய் திருட வந்தவனைப் பார்ப்பதுபோலக் கேண்டீன்காரர் பார்த்தார். கிளை நுனியில் ஒரு கொத்து, ஆட்டு ஈரல் நிறத்தில், மெழுகு தடவினதுபோல, முதுகெலும்பு இல்லாததுபோலத் தொங்கியது. தொட்டால் குழந்தையின் காதுமடல். சிவப்புதான். அவள் சொன்னதுதான். ஆனால் தினமும் போய்ப் பார்த்தேனே, இரண்டொரு நாளில் அது செம்பானது, பித்தளையானது, எலுமிச்சையானது, அப்புறம் ஒருநாள் எது அந்தக் கொத்து என்றே அடையாளம் தெரியாமல் மற்ற இலையோடு சேர்ந்துகொண்டது. அப்படியென்றால் எந்த நாள் தளிரைப் பார்த்துத் தறிக்காரன் அந்தப் பேரை வைத்தான், முதல் நாளா, மூன்றாம் நாளா, இதைச் சொல்லி அவளோடு வழக்காடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, தோன்றினதும் என்மேலேயே வெறுப்பு வந்தது. தாமிரமும் இதே கூத்துதான். நெருப்பில் அதற்குக் காற்று தாராளமாகக் கிடைத்தால் பச்சை. காற்றில்லாமல் மூச்சுமுட்டினால் சிவப்பு. இந்தச் சின்னச் சூளை கரண்டில் ஓடுவது, கம்பிச் சுருள் காய்ந்து சூடு ஏறும், புகை கிடையாது, காற்றுக்குப் பஞ்சம் கிடையாது, அதனால்தான் எனக்கு எப்போதும் பச்சையே வந்திருக்கிறது. புகை வேண்டுமென்றால் பாச்சை உருண்டை போடலாம் என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன், யார் சொன்னது என்று நினைவில்லை. கடையில் கேட்டபோது, வீட்ல அந்துப்பூச்சி அதிகமா என்றார்கள். ஆமாம் என்றேன். நேற்று ராத்திரி சூட்டை உச்சத்துக்கு ஏற்றி நிறுத்தி, உள்ளே வெள்ளையாக இருந்தது ஆரஞ்சுக்கு இறங்குகிறபோது, பார்வைத் துளை வழியாக ஒவ்வொன்றாக உருட்டிவிட்டேன். குபுக்கென்று கறுப்புப் புகை, எண்ணெய்ப் பிசுக்கோடு. அந்த வாசனை. மூக்கில் ஏறினதும் எனக்கு அவள் பெட்டி திறந்ததுபோலத்தான் இருந்தது, தீபாவளிக்குத் தீபாவளி அவள் அதைக் கீழே இறக்கிவைத்து மண்டியிட்டு மூடியைத் தூக்குவாளே, சேலையை எடுக்கமாட்டாள், கையை மட்டும் உள்ளே விட்டு மடிப்பைத் தடவிவிட்டு மூடுவாள். நான் இருமிக்கொண்டே நின்றேன், கண்ணில் தண்ணீர். அந்த நேரம் பார்த்துப் பெரிய சூளையில் ஒரு பர்னர் அடைத்துக்கொண்டது. ஓடினேன். அதைச் சரிபண்ணிவிட்டுத் திரும்பி வருவதற்குள் எவ்வளவு நேரம் போனது, துளையில் புகை நின்றிருந்தது, அந்த இடைவெளியில் காற்று உள்ளே போயிருக்கும், போனால் சிவப்பு திரும்பவும் பச்சையாகியிருக்கும், இல்லை அதற்குள் கிளேஸ் இறுகியிருந்தால் ஆகியிருக்காது, மிச்சம் இருந்த உருண்டைகளை மொத்தமாக உள்ளே தள்ளினேன், அது நல்லதா கெட்டதா, அதிகமாகப் போயிருந்தால் கரி பிடித்திருக்கும். தலை வலிக்கிறது. சட்டையெல்லாம் பாச்சை உருண்டை. இருநூற்றுத் தொண்ணூறு.

என்ன கொளஞ்சி, அடைகாக்கறியா என்று கேட்டபடி மன்சூர் டீயை நீட்டினான். அவனும் நானும் ஒரே வருஷம் இங்கே சேர்ந்தவர்கள், அவனுக்குப் பகல், எனக்கு ராத்திரி, சூளையை ஒப்படைக்கிற கால்மணி நேரத்தில் பேசிப் பேசியே பழகினவர்கள். முட்டை எத்தினி என்றான். ஒண்ணு என்றேன். ஒத்த முட்டைக்குக் கோழிகூட இப்பிடி உக்காராதுடா என்றான். கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்துவிட்டு மூடிவிடேன் என்றான், நிறம்தானே தெரியவேண்டும். சொல்வது சுலபம். போன ஐப்பசியில் ஒரு கூஜாவை அவசரப்பட்டு எடுத்தேன், எடுத்தபோது முழுசாகத்தான் இருந்தது, மேஜையில் வைத்துவிட்டு ரசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு டிங், கண்ணெதிரே ஒரு கோடு கழுத்திலிருந்து இறங்கிவந்து அடிவரைக்கும் போனது, யாரோ மெதுவாகப் பென்சிலால் வரைவதுபோல. குளிர்ந்த காற்று பட்டதும் தாங்கவில்லை அதற்கு. ஆனால் இன்றைக்குத் திறக்காமல் இருந்தால் மட்டும் என்ன. அவள் வருவாள், சாவியை நீட்டுவேன், வாங்கிக்கொண்டு போவாள், வண்டி வரும், பெட்டி ஏறும், நான் இங்கே இருநூற்று எழுபதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் முழுசான ஒரு தட்டு என் கையில் இருக்கும், அதைக் காட்ட ஆள் இருக்காது. திறந்தால் உடைந்த தட்டு, ஆனால் அவள் கண்முன்னால் ஒரு நிமிஷம் நிறத்தோடு இருக்கும். எது மேல். கையுறையை மாட்டினேன். கழற்றினேன். மாட்டினேன். கைப்பிடியைத் தொட்டபோது, கல்லை எடுத்த கை இது என்று தோன்றியது. பெட்டியை உடைக்கப் போனவனும் இதைத் திறக்கப் போகிறவனும் ஒரே அவசரக்காரன்தான். என்ன நிறம் வந்தால் அவள் இருப்பாள், சிவப்பு வந்தால் நீ சொன்னதுதான் சரி என்று நீட்டலாம், பச்சை வந்தால் நீட்டமுடியாது, அவள் மறுபடி சிரிப்பாள், சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கச் சொல்லுவாள், அப்படியென்றால் என் குடும்பம் நாலு பாச்சை உருண்டையில் நிற்கிறதா. நிற்கிறது போலத்தான் இருக்கிறது. தூரிகை பிடித்த நாள் முதலாக நான் இப்படிப் பயந்ததில்லை. யாரோ வர்றாங்க பாரு என்றான் மன்சூர்.

வாசல் வெளிச்சத்தில் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். கறுத்திருந்தாள், முந்திரித் தோப்பு வெயில். கையில் ஒயர்கூடை, அதில் ஒரு தூக்குச்சட்டி. மன்சூர், வா தங்கச்சி என்று சொல்லிவிட்டு, நகர்ந்துபோகாமல், ஆனால் எங்களைப் பார்க்காமல் ஒரு பீஸ் கட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றான். தூக்குச்சட்டியை அவனிடம் நீட்டி, பலாச்சுளண்ணே, தம்பி குடுத்துவிட்டான் என்றாள். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினாள், உள்ளங்கை முழுக்க முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுப்புக் கறுப்பாகத் தோல் உரிந்திருந்தது. சாவி என்றாள். அரைஞாணில் போட்ட முடிச்சு இறுகிப்போயிருந்தது. முடிச்சோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஒரு எட்டு கிட்டே வந்தாள். இன்னொருதரம் உறிஞ்சினாள். நிமிர்ந்தேன், முகம் மாறியிருந்தது.

"பொட்டியத் தொறந்தீங்களா?"

இல்லை என்றேன். பாச்சை உருண்டை வாசனை உங்கமேல எப்படி வந்தது, பூட்டை உடைத்தீர்களா என்று கேட்டாள், குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருக்கலாம். பூட்டு பூட்டினபடி இருக்கிறது, போய்ப் பார் என்றேன். அப்ப இது எங்கிருந்து வருது என்றாள். கையால் சின்னச் சூளையைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் சொல்ல வரவில்லை, தாமிரம், காற்று, மூச்சுமுட்டல், இதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது. மன்சூர்தான் கட்டையைத் துடைத்தபடியே சொன்னான், ஒஞ் சேலை நெறம் கண்டுபுடிக்க ராத்திரியெல்லாம் பொகை போட்டிருக்கான் தங்கச்சி, கொசுவெல்லாம் செத்துப்போச்சு. அவள் சூளையைப் பார்த்தாள். மீட்டரைப் பார்த்தாள். என் கையுறையைப் பார்த்தாள், ஒரு கையில் மட்டும் மாட்டியிருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். தட்டு என்றேன், மாந்தளிர் என்றேன். அவள் உதடு லேசாக ஒரு பக்கம் போனது, அன்றைக்குச் சிரித்தாளே, அதற்கு முந்தின இடம் அது.

"பச்சையா வந்திருக்குமா, செகப்பா வந்திருக்குமா?"

தெரியும் என்ற சொல் தொண்டையில் ஏறிவிட்டது. இத்தனை வருஷம் ஏறின பாதை, தானாக ஏறும். அதன் பின்னாலேயே சிவப்பு என்று சொல்லிவிடலாமா, அவளுக்குப் பிடித்ததாகச் சொல்லிவிடலாமா, சிவப்பாக வந்துவிட்டால் நான் சொன்னதும் பலித்ததாக ஆகும், இல்லையென்றால், இல்லையென்றால் என்று ஒரு நொடிக்குள் நாலு தரம் சுற்றி வந்தேன், பர்னர் அடைத்துக்கொண்ட அந்த நேரம், புகை நின்ற அந்தத் துளை, மொத்தமாகத் தள்ளின உருண்டைகள், எதை வைத்துச் சொல்வது.

"தெரியல," என்றேன்.

வேறு யாரோ பேசினதுபோல இருந்தது. மன்சூர் துடைப்பதை நிறுத்திவிட்டான். தையல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்று சரிபார்க்கிற மாதிரி, மளிகைக் கடையில் தராசு நிற்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாளே அந்த மாதிரி. அப்புறம் ஒயர்கூடையைக் கீழே வைத்தாள். எப்பத் தெரியும் என்று கேட்டாள். ஆறணும் என்றேன். இப்பத் திறந்தால் என்னாகும் என்றாள். வெடிச்சிரும் என்றேன். அவள் இரண்டு மண் மூட்டைகளை இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள், நான் உதவப் போனபோது முழங்கையால் தள்ளினாள், சேலை நுனியால் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். என் சேலை செகப்புதான், அதுல மாத்தமில்ல என்றாள், சூளையைப் பார்த்துச் சொன்னாள். எதுவா வந்தாலும் வெளியில கொண்டுபோயி வெயில்ல வெச்சுத்தான் பாக்கணும், உங்க டியூப்லைட்டுல பாக்கற வேலையெல்லாம் வேணாம். அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம், டிங், சின்னதாக, சுண்டுவிரல் நகத்தால் டம்ளரைத் தட்டினதுபோல. இரண்டு பேரும் ஒன்றாகக் கதவைப் பார்த்தோம். கிளேஸ் ஆறும்போது மயிரிழை மயிரிழையாகச் சுருங்கும், அதற்கும் இதே சத்தம், தட்டு நடுவில் பிளந்தாலும் இதே சத்தம்.

"ஒடஞ்சிருச்சா?"

"தெரியல," என்றேன். இந்தத் தடவை யோசிக்காமலே வந்தது.

அவள் கூடைக்குள் போன் அடித்தது. எடுத்தாள். குட்டி யானைக்காரன், லோடு இறக்கிவிட்டான் போலிருக்கிறது, அவன் குரல் எனக்கே கேட்டது, அக்கா, எந்தத் தெரு, வண்டிய உள்ள கொண்டாரவா, பொட்டி ரெடியா. சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது, ஒருவழியாக முடிச்சு அவிழ்ந்து, வேர்வையில் ஈரமாக. அவள் சாவியைப் பார்த்தாள். மீட்டர் பக்கம் எட்டிப் பார்த்தாள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்திருக்காது, முள் எங்கே நிற்கிறது என்பதுமட்டும் தெரிந்திருக்கும்.

"இல்லப்பா, நீ போ," என்றாள். "இங்க இன்னும் ஆறல."

என்ன ஆறவில்லை என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கையை நீட்டி, சூளைக் கதவின்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்தாள்.